வலை நூலும் ஸ்க்ரூ பல்லும்

புதிதாகப் பல் மருத்துவத் தொழிலுக்கு வந்திருக்கும் நீங்கள் எல்லாரும் நல்ல பிள்ளைகள்தான், என்னைவிடக் கூடுதலாகப் படித்தவர்கள். அதனால் முதலிலேயே திட்டிவிடுகிறேன், விஷயத்துக்குப் பிறகு வரலாம். இம்ப்ளாண்ட் வைப்பதை ஆளாளுக்குப் படம் எடுத்துக் காட்டுகிறீர்கள். வைத்த பல்லைச் சுத்தம் செய்வது பற்றி யாராவது பேச எழுந்தால் பாதிப் பேர் டீ குடிக்க வெளியே போய்விடுகிறீர்கள். ஒரு கூட்டத்தில் நானே பேச எழுந்து இதைக் கண்ணால் பார்த்தேன். வந்த கோபத்தில் மைக்கை மேசைமேல் வைத்துவிட்டு இறங்கிவிட்டேன். அன்றைக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இப்போது எழுதுகிறேன், டீயைக் குடித்துவிட்டே படியுங்கள்.

தொண்ணூறுகளில் கேரள எல்லையோரப் பாறசாலையில் எனக்கு ஒரு சின்னப் பல் ஆஸ்பத்திரி இருந்தது. ஒரு நாற்காலி, ஒரு எக்ஸ்ரே மெஷின், மழை பெய்தால் அணைந்துவிடும் கரண்ட். வருகிறவர்கள் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிப்பார்கள், சிலர் ஒரே வாக்கியத்திலேயே. இம்ப்ளாண்ட் வைக்கிற டாக்டர் எங்கள் பக்கத்தில் யாரும் கிடையாது. ஆனால் இம்ப்ளாண்ட் வைத்த வாய்கள் உண்டு. வளைகுடாவில் வேலை செய்கிறவர்கள் அங்கேயே வைத்துக்கொண்டு லீவில் வருவார்கள். இங்கே இருக்கிற சிலர் திருவனந்தபுரத்துக்குப் போய் வைத்துக்கொள்வார்கள். எலும்பில் உலோகத் திருகைப் பதித்து அதன்மேல் பல்லை மாட்டுவதால் ஊரில் அதற்கு ஸ்க்ரூ பல்லு என்று பெயர். வைத்தவர் எங்கோ இருப்பார், ஈறு வீங்கினால் என் வாசலில்தான் வந்து நிற்பார்கள்.

அதற்காகவே அந்தத் திருகைச் சுத்தம் செய்யப் பிளாஸ்டிக் முனை உள்ள கருவிகளை வரவழைக்கச் சொன்னேன். சாமான் விற்க வருகிற ஆள் சிரித்தார்.

"மேடம், இந்த பாறசாலையில இதை வெச்சு யாருக்க வாயைச் சொரண்டப் போறிய?"

அவரையும் திட்டித்தான் அனுப்பினேன். அடுத்த தடவை கருவி வந்தது.

ஏன் பிளாஸ்டிக் என்று உங்களுக்குப் பாடத்தில் இருக்கும், இருந்தும் கை ஸ்டீலுக்குத்தான் போகும். சொந்தப் பல்லில் காரை எடுக்கிற ஸ்டீல் ஸ்கேலர் டைட்டானியத் திருகைக் கீறிவிடும். உங்கள் வீட்டு நான்ஸ்டிக் சட்டியை ஸ்டீல் நாரால் ஒரு முறை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், அப்புறம் எந்தத் தோசையும் அதிலிருந்து முழுசாக எழும்பாது. கீறிய திருகும் அப்படித்தான். அழுக்குக்கு நாமே இடம் போட்டுக் கொடுத்துவிட்டு, அழுக்காக இருக்கிறது என்று அந்த மனிதனைத் திட்டுகிறோம். கிளீட்டஸின் விஷயத்தில் இதுதான் நடந்தது.

கிளீட்டஸ் கோட்டுகால் பக்கத்துக் கடற்கரைக்காரன். அப்போது முப்பது வயது இருக்கும். அவன் என்று எழுதுகிறேனே என்று நினைக்க வேண்டாம். முதல் நாளே, "என்னை அவரு இவருன்னு சொன்னா நான் பொறத்தால யாரோ நிக்காவன்னு திரும்பிப் பாப்பேன் டாக்டரம்மா" என்று சொல்லிவிட்டான். கடலுக்குப் போவான். கிறிஸ்தவக் கோயில் பெருநாள் காலம் வந்தால் பேண்டு செட்டில் ட்ரம்பெட் ஊதுவான். முதல் ட்ரம்பெட் அவன்தான், பாட்டை எடுத்துக் கொடுக்கிறவன். வள்ளம் புரண்டபோது துடுப்பு அடித்து மேல்வரிசை முன்பல் இரண்டும் போயின. முன்பல் இல்லாமல் ட்ரம்பெட் ஊத முடியாது, காற்று நிற்காது, உதட்டை அழுத்திப் பிடிக்க இடம் இருக்காது. குவைத்தில் நர்ஸாக இருந்த அவனுடைய அக்கா, தம்பியின் ஊத்து நின்றுபோகக் கூடாது என்று, திருவனந்தபுரத்தில் பெயர்பெற்ற ஒரு நிபுணரிடம் ஸ்க்ரூ பல் வைக்க ஏற்பாடு செய்தார். வைத்த பிறகு மூன்று பெருநாள் காலம் நன்றாக ஊதினான். அதுவரைக்கும் எனக்கு அவனைத் தெரியாது.

அவன் என்னிடம் வந்தது பல்லைக் காப்பாற்றக் கேட்டு அல்ல. இரண்டு ஸ்க்ரூவையும் எடுத்துவிட வேண்டும் என்று நிபுணர் சொல்லிவிட்டாராம். தேதியும் கொடுத்தாகிவிட்டது. எடுத்த பிறகு கழற்றி மாட்டுகிற பல் செட்டு ஒன்று வேண்டும், அதற்கு அளவெடுக்க முடியுமா என்று கேட்டு வந்தான். வாயைக் கையால் மூடிக்கொண்டே பேசினான்.

"கையை எடுத்துட்டுச் சொல்லு மக்கா, ஒண்ணும் கேக்கல்ல."

"நாத்தம் உண்டு டாக்டரம்மா."

"நான் பாக்காத நாத்தமா? கையை எடு."

எடுத்தான். பிறகு கேட்டான், "செட்டு வெச்சா ட்ரம்பெட் ஊதலாமா?"

முடியாது என்று எனக்குத் தெரியும். ட்ரம்பெட்டின் வாய்ப்பகுதியை முன்பல்லோடு சேர்த்து அழுத்த வேண்டும். கழற்றி மாட்டுகிற செட்டு அந்த அழுத்தத்தில் நகரும், நகர்ந்தால் சத்தம் பிசிறும். சாதாரணமாக ஊத வரும், முதல் ட்ரம்பெட் ஊத வராது. அதைச் சொன்னேன். அவன் தலையை மட்டும் ஆட்டினான். பெருநாள் அந்த மாதக் கடைசியில். பேண்டு மாஸ்டர் பூவாறிலிருந்து வேறு ஒருவனைப் பேசி வைத்துவிட்டார் என்று சொன்னான். ஒருமுறை அந்த இடம் கைமாறிவிட்டால் திரும்ப வராது என்றும் சொன்னான். அதைச் சொல்லும்போதும் அவன் யார்மேலும் கோபப்படவில்லை, அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

"எடுக்கணும்னு சொன்ன ஆளு காரணம் என்ன சொன்னாரு?"

"நான் சுத்தமா வெச்சுக்கிடல்லன்னு சொன்னாரு."

"அவ்வளவுதானா?"

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நர்ஸ் பிள்ளையள்கிட்ட, இவன்மாருக்கு எதுக்கு இதெல்லாம், மீன் வெட்டுத வாயி, நாறத்தான் செய்யும்னு சொன்னாரு. மெதுவாத்தான் சொன்னாரு. எனக்கு கேட்டுது."

கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏனென்றால் அதே நிபுணர் வைத்த இன்னொரு வாயையும் எனக்குத் தெரியும். காட்டாக்கடைச் சந்தையில் மொத்த வியாபாரம் செய்கிற ஒருவர். உமிக்கரியையும் உப்பையும் குழைத்து ஸ்க்ரூ பல்லை விரலால் பரபரவென்று தேய்ப்பார், பிரஷ்ஷைத் தொட மாட்டார், பல்லிடுக்கில் விட்டுச் சுத்தம் செய்கிற நூல் என்றால் என்னவென்றே தெரியாது, செக்கப்புக்கும் போக மாட்டார். அவருக்கும் ஈறு வீங்கிச் சீழ் வந்தது. அவரை அதே நிபுணர் ஏசி அறையில் உட்கார்த்தி டீ கொடுத்து, "சார், கொஞ்சம் ஸ்ரத்திக்கணும்" என்று, கவனமாக இருக்கச் சொல்லிச் சிகிச்சை செய்து அனுப்பினாராம். வியாபாரியே என்னிடம் பெருமையாகச் சொன்னார். வியாபாரியின் சீழுக்கு டீ, கிளீட்டஸின் சீழுக்கு மீன் நாற்றம். சீழ் இரண்டு வாயிலும் ஒரே சீழ்தான், நான் இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

பிள்ளைகளே, கோபத்தோடு வாய்க்குள் பார்க்காதீர்கள். நான் கையைக் கழுவப் போய்க் கொஞ்ச நேரம் குழாயடியிலேயே நின்றேன். பிறகு வந்து நாற்காலியைச் சாய்த்தேன்.

இரண்டு ஸ்க்ரூவைச் சுற்றியும் ஈறு செக்கச் செவேலென்று இருந்தது. விரலால் லேசாக அழுத்தினால் சீழ் வந்தது. நாற்றமும் உண்மைதான். ஆனால் ஆட்டிப் பார்த்தேன், ஆடவில்லை. இரண்டும் எலும்பில் உறுதியாக நின்றன. எக்ஸ்ரே எடுத்தேன். பல் வைத்த நேரத்து எக்ஸ்ரேயை அவன் பிளாஸ்டிக் கவரில் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தான். இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எலும்பு ஈறை ஒட்டிய விளிம்பில் கொஞ்சம் தேய்ந்திருந்தது, மீதி எல்லாம் அப்படியே இருந்தது. நிச்சயமாக எடுக்க வேண்டிய பல் அல்ல. ஆனால் அப்படியே விட்டால் எடுக்க வேண்டியதாகிவிடும்.

"தினமும் நூல் போடுறியா?" என்று கேட்டேன்.

"போடுதேன் டாக்டரம்மா. காலையிலும் உண்டு, ராத்திரியும் உண்டு."

நான் நம்பவில்லை. எல்லா நோயாளியும் சொல்கிற பொய்தான் இது. இவனும் மற்றவர்களைப் போல டாக்டரைச் சமாதானம் செய்கிறான் என்று நினைத்தேன். "பொய் சொல்லாத எலே" என்றும் சொல்லிவிட்டேன். அவன் வாயைத் திறந்தபடியே படுத்திருந்தான்.

மரத்துப்போக ஊசி போட்டு, பிளாஸ்டிக் கருவியை ஈறுக்கு உள்ளே விட்டு மெதுவாகச் சுற்றி வந்தேன். ஏதோ தட்டுப்பட்டது. இழுத்தால் நாராக வந்தது. பஞ்சில் துடைத்து விளக்கில் காட்டினேன். நீல நிறத்தில் மெல்லிய இழைகள், ஒரு சின்னக் கொத்து. இன்னும் உள்ளே போனேன், இன்னும் வந்தது. இரண்டாவது ஸ்க்ரூவிலும் அப்படியே. உடம்புக்குள் போன முள்ளைச் சுற்றிச் சீழ் கட்டுவதுபோல, இந்த இழைகளைச் சுற்றித்தான் ஈறு அழுகிக்கொண்டிருந்தது.

"எலே கிளீட்டஸே, இது என்னதுடே?"

அவன் எழுந்து உட்கார்ந்து பஞ்சைப் பார்த்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டைத் துண்டை எடுத்தான். அதில் நீல நூல் வரிசையாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் சுற்றியிருந்தது. வலை கிழிந்தால் முடிச்சுப் போட்டுத் தைக்கிற நைலான் நூல். பல இழைகளை முறுக்கிச் செய்தது.

எனக்கு வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். வலை தைக்கிற நூலை வாய்க்குள் போடுகிறாயே, உனக்கு மூளை இருக்கிறதா, இவ்வளவு விலை கொடுத்துப் பல் வைத்து இப்படியா செய்வாய் என்று கத்தினேன். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் மூச்சு வாங்கி நிறுத்தினதும் அவன் சொன்னான்.

"நூல் போடணும்னு சொன்னாவ டாக்டரம்மா. எந்த நூலுன்னு கேட்டேன். பல்லுக்குப் போடுத நூலு, மெடிக்கல் ஷாப்புல கெடைக்கும்னு சொன்னாவ. நான் விழிஞ்ஞத்துல கேட்டேன், நெய்யாற்றின்கரையில கேட்டேன், இங்க பாறசாலையிலும் கேட்டேன். ஒரு எடத்துல காயம் தைக்குத நூலான்னு கேட்டாவ. ஒரு எடத்துல சிரிச்சாவ. பின்ன, நூல் போடாம விட்டா பல்லு போயிரும்னு சொல்லியிருக்காவல்லா? எங்க வீட்டுல நூலுக்கா பஞ்சம்?"

பிறகு, "அழுக்கு நூலு ஒண்ணும் இல்ல. செலின் தினமும் கொதிக்க வெச்ச வெள்ளத்துல போட்டு எடுத்துத்தான் தருவா" என்றான். செலின் அவனுடைய மனைவி.

நான் நாற்காலிப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். சொன்னால் நம்புவீர்களா, என் சர்வீஸில் நூல் போடச் சொன்னால் தினமும் இரண்டு வேளை போட்ட ஒரே ஆள் இவன்தான். அதுவும் கொதிநீரில் போட்டு எடுத்து. கேட்டபடி எல்லாவற்றையும் செய்திருக்கிறான், செய்ததால்தான் அழுகியிருக்கிறது. இவனைத்தான் அந்தப் பெரிய மனிதர் அழுக்கு என்று சொன்னார், சற்று முன்பு நான் பொய்யன் என்று சொன்னேன்.

ஆனாலும் எனக்கு ஒன்று புரியவில்லை. முறுக்கின நைலான் வலுவானது, மீன் இழுத்தாலும் அறாது. வழுவழுப்பான உலோகத்தில் உரசி இப்படி இழை இழையாகப் பிரிய வேண்டிய காரணம் இல்லை. பூதக்கண்ணாடியை எடுத்து, ஈறை ஒதுக்கி, ஸ்க்ரூவின் கழுத்தைப் பார்த்தேன். குறுக்கும் நெடுக்குமாகக் கீறல்கள். விளிம்பு ரம்பம் மாதிரி ஆகியிருந்தது. நைலான் அந்த விளிம்பில் சிக்கித்தான் பிய்ந்திருக்கிறது.

"இதை யாராவது சுத்தம் செஞ்சாவளா?"

"பின்ன இல்லியா? வருசத்துக்கு ரெண்டு தடவ வரணும்னு சொன்னாவ. ஒரு தடவ கூட விடல்ல. கடலுக்குப் போவ வேண்டிய நாளானாலும் போயிருவேன்."

"என்ன வெச்சு சுத்தம் செஞ்சாவ?"

"கம்பி மாதிரி ஒண்ணு. பல்லுல இழுக்கும்ப காதுக்குள்ள கிறீச்சுன்னு கேக்கும். நல்லா அழுத்தித்தான் செய்வாவ. சின்ன டாக்டருமாரு மாறி மாறி வருவாவ."

அப்புறம் எனக்குச் சந்தேகம் இல்லை. வைத்தவருடைய ஆஸ்பத்திரியிலேயே ஒவ்வொரு தடவையும் ஸ்டீலை வைத்துக் கீறியிருக்கிறார்கள். இவன் வேலையை விட்டுவிட்டு ஒழுங்காகப் போய் வாயைத் திறந்து கொடுத்திருக்கிறான். போகாமல் இருந்த காட்டாக்கடை வியாபாரிக்கு ஸ்க்ரூவாவது கீறாமல் இருந்தது.

நீங்கள் பாடத்தில் படிக்காத இடம் இனிமேல்தான் வருகிறது. என்ன செய்வது என்று எனக்குத் தெரியும். ஆனால் செய்தால் சரியாக வரும் என்று எனக்குத் தெரியாது. கீறல் விழுந்த ஸ்க்ரூ திரும்பப் புதிதாகாது. மெருகேற்றலாம், ஓரளவு வழுவழுப்பாக்கலாம். நான் காப்பாற்றப் பார்த்து அது தோற்றால் அதற்குள் எலும்பு இன்னும் கரைந்திருக்கும், பிறகு அந்த இடத்தில் வேறு ஸ்க்ரூவும் வைக்க முடியாது. இப்போதே எடுத்துவிட்டால் எலும்பாவது மிஞ்சும். நிபுணர் சொன்னதில் அந்த அளவுக்கு நியாயம் உண்டு. அவர்மேல் எனக்கு இருந்த கோபத்தில் எதிர்முடிவு எடுத்துவிடுவேனோ என்ற பயம்தான் எனக்கு அதிகமாக இருந்தது. அதனால் அவரை மறந்துவிட்டு எக்ஸ்ரேயை மறுபடியும் பார்த்தேன். ஸ்க்ரூ ஆடவில்லை. எலும்பு இருக்கிறது. அழுகலுக்குக் காரணமான சாமான் பஞ்சில் என் கண்முன்னே கிடக்கிறது. இதையெல்லாம் வைத்துத்தான் எடுக்க வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

கிளீட்டஸிடம் எதையும் மறைக்கவில்லை. தோற்கவும் செய்யலாம், தோற்றால் முன்னைவிட மோசமாகும் என்று சொன்னேன். பெருநாளுக்கு முன்பு ரத்தம் வருவது நின்றுவிட்டால் ஊதலாம், நிற்காவிட்டால் நானே எடுக்கச் சொல்வேன் என்றும் சொன்னேன்.

"எனக்குத் தெரியாது டாக்டரம்மா, நீங்க சொல்லுத மாதிரி" என்றான்.

"அப்படிச் சொல்லாத. இது வரைக்கும் எல்லாரும் சொன்ன மாதிரி செஞ்சுதான் இங்க வந்து நிக்குத. உனக்க வாயி, நீ சொல்லு."

அவன் நெடுநேரம் அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஊதணும்" என்றான்.

அக்காவிடம் கேட்க வேண்டுமே. மறுநாள் பக்கத்து எஸ்டிடி பூத்துக்கு அவர் குவைத்திலிருந்து கூப்பிட்டார். கிளீட்டஸ் ரிசீவரை என் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டான். அந்தப் பெண் என்னை விடவில்லை. "அவரு எவ்வளவு பெரிய டாக்டர் ஆக்கும்! அவரு எடுக்கணும்னு சொன்னதுக்கு மேல பேச நீங்க யாரு? தம்பிக்க எலும்பு போச்சுன்னா நீங்க வந்து தருவியளா?" என்று கேட்டார். கேட்டது நியாயம். நான் இழைகள் எடுத்ததைச் சொன்னேன். அவர் நர்ஸ் அல்லவா, அது புரிந்தது. கடைசியில், பெருநாள் முடியும் வரை பார்க்கலாம், பிறகு அந்த டாக்டரிடமே கொண்டு காட்ட வேண்டும் என்று ஒரு நிபந்தனை வைத்தார். நான் ஒத்துக்கொண்டேன்.

பிறகு செய்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், உங்களுக்குத் தெரிந்ததுதான். மிச்ச இழைகளை எடுத்தேன். பிளாஸ்டிக் கருவியால் மட்டும் சுத்தம் செய்தேன். ரப்பர் கப்பில் மிக நைசான பேஸ்ட்டை வைத்து அழுத்தாமல் மெருகேற்றினேன். கிருமி மருந்தால் கழுவினேன். வீட்டுக்கு என்ன கொடுப்பது? நூல் வேண்டாம் என்று முடிவு செய்தேன், கீறின விளிம்பில் எந்த நூலும் பிய்யும். குழந்தைகளின் மென்மையான பிரஷ் ஒன்றை வாங்கி, நுனியில் ஒரே ஒரு கொத்தை மட்டும் விட்டு மீதியைப் பிளேடால் சிரைத்தேன். அவன் கையில் கண்ணாடியைக் கொடுத்து, என் கண்முன்னே செய்யச் சொன்னேன். முதலில் தவறாகச் செய்தான், திருத்தினேன். இதற்கு ஆன நேரம் ஒரு டீ குடிக்கிற நேரம். அந்த நேரத்தைப் பல் வைத்த அன்றே யாராவது செலவழித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

இரண்டாவது சுத்தத்தில் சீழ் நின்றது. அடுத்த தடவை பார்த்தபோது ரத்தம் கொஞ்சமாக வந்தது. பெருநாளுக்கு முந்தின வாரம் ஈறின் நிறம் மாறி, ஒட்டிப் பிடிக்கத் தொடங்கியிருந்தது. விரலால் அழுத்தினேன், ஒன்றும் வரவில்லை. "போ, போய் ஊது" என்றேன். அவன் நாற்காலியிலிருந்து இறங்காமல், "நாத்தம்?" என்று கேட்டான். குனிந்து முகர்ந்து பார்த்து, "காலையில புட்டும் கடலையும் தின்னிருக்க" என்றேன். அன்றைக்குத்தான் அவன் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தேன்.

பெருநாள் அன்று நான் போகவில்லை, ஆஸ்பத்திரியில் ஆள் இருந்தது. பவனியில் முதல் ட்ரம்பெட் அவன்தான் ஊதினான் என்றும், பூவாறு ஆள் பக்கத்தில் இரண்டாவது ஊதினான் என்றும் செலின் வந்து சொன்னாள். எனக்கு அது போதும். ஆனால் அக்காவின் நிபந்தனை பாக்கி இருந்தது. திருவனந்தபுரத்துக்கு அவனோடு நானும் போனேன். பஞ்சில் இருந்த நீல இழைகளை ஒரு சின்னக் குப்பியில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அது நல்ல ஏசி அறை. கிளீட்டஸ் வழக்கம்போல் செருப்பை வெளியே விட்டுவிட்டுப் போய்ப் படுத்தான். துண்டைக் கட்டினார்கள். வாயைத் திறக்கச் சொன்னார்கள், திறந்தான். உங்கள் வயதில் ஒரு சின்ன டாக்டர் வந்து, எக்ஸ்ரேயைப் பார்க்கவில்லை, என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, தட்டிலிருந்து ஸ்டீல் ஸ்கேலரை எடுத்துக்கொண்டு குனிந்தார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"அதை வைங்க. அந்தப் பல்லு ஸ்க்ரூ."

சத்தம் கேட்டு நிபுணர் வந்தார். நான் யார் என்று சொன்னேன். குப்பியை மேசைமேல் வைத்தேன். எங்கிருந்து எடுத்தேன், எப்படிப் பிய்ந்தது, ஸ்க்ரூவின் கழுத்து எப்படி இருக்கிறது என்று எல்லாம் சொன்னேன். அவர் குப்பியை எடுத்து விளக்கில் ஆட்டிப் பார்த்தார். பிறகு சின்ன டாக்டரின் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"கண்டோ? வலை நூலு! ஞான் பறஞ்ஞில்லே, இவன்மாருக்கு விருத்தி இல்லன்னு?"

சுத்தம் இல்லையாம். நான் அதுவரைக்கும் அடக்கி வைத்திருந்தேன். "எந்த நூலுன்னு நீங்க காட்டிக் கொடுத்தியளா? ஒரு முழம் எடுத்துக் கையில கொடுத்தியளா?" என்று கேட்டேன். அதெல்லாம் சாதாரண அறிவு என்றார். "அப்ப ஸ்டீல் வெச்சுக் கீறினது? அது என்ன அறிவு?" என்றேன். அவர் முகம் சிவந்தது.

"மேடம், இது எனக்க கிளினிக்."

"வாயி அவனுக்க வாயி" என்றேன்.

அவர் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். கையுறையை மாட்டினார். தட்டில் இருந்த அதே ஸ்டீல் ஸ்கேலரைக் கையில் எடுத்தார். நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றார். நாங்கள் சண்டை போட்ட நேரத்தில் கிளீட்டஸ் வாயை மூடியிருந்தான், அவர் அதை அப்போதுதான் கவனித்தார்.

"எடோ, வா துறக்கெடோ" என்று வாயைத் திறக்கச் சொன்னார்.

கிளீட்டஸ் அவரைப் பார்த்தான். பிறகு அவர் கையில் இருந்ததைப் பார்த்தான். சொன்னதையெல்லாம் கேட்ட மனிதன் அவன். வரச்சொன்ன நாளெல்லாம் வந்தவன், நூல் போடச் சொன்னால் கொதிக்க வைத்துப் போட்டவன், எடுக்க வேண்டும் என்று சொன்னதும் செட்டுக்கு அளவு கொடுக்க வந்து நின்றவன். அவர் இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். அவன் உதடுகள் இரண்டையும் உள்ளிழுத்து, ட்ரம்பெட்டில் வாய் வைப்பதற்கு முன் இறுக்குவதுபோல் இறுக்கிக்கொண்டான்.

பவனி முழுக்க ஊதின உதடு அது. அந்த அறையில் இருந்த யாராலும் அதைத் திறக்க முடியவில்லை.